முதலில் நாடா, பிறகு மிஷின்: ஸ்பூல் டேப் கேட்கத் தொடங்குவோருக்கு

ஸ்பூல் டேப், அதாவது கேசட்போல் பெட்டிக்குள் அடங்காமல் சக்கரத்தில் சுற்றியிருக்கும் ஒலிநாடா, கேட்கும் ஆசை வந்தவர்கள் முதலில் கேட்பது "எந்த மிஷின் வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: எந்த நாடாவைக் கேட்கப் போகிறீர்கள்? பரணில் கிடக்கும் தாத்தாவின் கச்சேரிப் பதிவுகளையா, 1960களில் வெளிநாட்டுக் கடைகளில் விற்ற இசை நாடாக்களையா, ஸ்டூடியோவின் மூலப் பதிவிலிருந்து நகலெடுத்து இப்போது விற்கப்படும் நாடாக்களையா, இல்லை புது நாடா வாங்கி நீங்களே பதிவு செய்யப் போகிறீர்களா? கேசட்டில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகப்படுத்தியபோதே அதன் வேகத்தையும் நாடாவின் அகலத்தையும் ஒரே அளவாக நிர்ணயித்துவிட்டதால், எந்தக் கேசட்டையும் எந்த டெக்கிலும் போட்டுக் கேட்கலாம். ஸ்பூல் நாடாவில் அகலம் மட்டும்தான் பொது. வீட்டு மிஷின்களில் அது கால் அங்குலம். வேகம், தடங்களின் அமைப்பு, ஸ்பூலின் அளவு, ஈக்வலைசேஷன் ஆகிய நான்கும் நாடாவுக்கு நாடா மாறும். இந்த நான்கையும் புரிந்துகொண்டவர் மிஷினைத் தானே தேர்ந்தெடுத்துவிடுவார் என்பதால், இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியே பேசுகிறது.

நாடா என்பது, மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின் ஒரு பக்கத்தில் இரும்பு ஆக்சைடுத் துகள்களை ஒட்டுப்பொருளோடு கலந்து பூசியது. ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மர் 1928இல் உருவாக்கிய முதல் நாடா காகிதத்தாலானது. அந்த எண்ணத்தை ஏஇஜி நிறுவனம் மிஷினாகவும் பிஏஎஸ்எஃப் நிறுவனம் பிளாஸ்டிக் நாடாவாகவும் வளர்த்தெடுக்க, 1935ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் மேக்னட்டோஃபோன் என்ற பெயரில் அது மக்கள் முன் வந்தது. ஆனால் அதன் ஒலி கரகரப்பாகவே இருந்தது. 1940இல் ஜெர்மன் வானொலியைச் சேர்ந்த பொறியாளர்கள் கண்டறிந்த ஒரு முறைதான் நாடாவை இசைக்குத் தகுதியாக்கியது. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றை இசையோடு சேர்த்து, நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும் மின்காந்தமான பதிவு ஹெட்டுக்குள் செலுத்துவதே அந்த முறை. இதற்கு பயாஸ் என்று பெயர். இரும்புத் துகள்கள் மெல்லிய ஒலிக்கு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாளை லேசாக ஆட்டிக்கொண்டே இழுத்தால் அது வழுக்கிக்கொண்டு வருவதைப் போல, பயாஸின் இடைவிடாத அசைவு அந்தத் துகள்களை இசைக்கு இணங்கச் செய்கிறது. போர் முடிந்தபின் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஜாக் மல்லின் இரண்டு மேக்னட்டோஃபோன்களைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று 1946இல் சான்பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். 1948இல் அம்பெக்ஸ் நிறுவனம் தன் முதல் மிஷினை வெளியிட்டது. அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உலகின் இசைப் பதிவுகள் பெரும்பாலும் நாடாவில்தான் பிறந்தன.

மிஷினுக்கு முன் உட்கார்ந்து பார்த்தால், இடப்பக்கம் நாடா நிரம்பிய ஸ்பூலும் வலப்பக்கம் காலி ஸ்பூலும் சுழல்வது கண்ணில் படும். ஆகவே வலப்பக்க ஸ்பூல்தான் நாடாவை இழுக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. ஸ்பூலில் நாடா சேரச் சேர அதன் சுற்றளவு பெருகும்; அதுவே இழுத்தால் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போகும். உண்மையில் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெட்டுகளுக்கு வலப்புறம் இருக்கும் கேப்ஸ்டன் என்னும் மெல்லிய எஃகுத் தண்டு. பின்ச் ரோலர் என்னும் ரப்பர் உருளை நாடாவை அந்தத் தண்டோடு அழுத்திப் பிடிக்க, தண்டு ஒரே சீராகச் சுழன்று நாடாவை நகர்த்துகிறது. ஸ்பூல்களின் வேலை, நாடாவைத் தளராமல் பிடித்துவைப்பதும் சுருட்டிக்கொள்வதும் மட்டுமே. இவற்றுக்கு நடுவே அழிக்கும் ஹெட், பதியும் ஹெட், ஒலிக்கும் ஹெட் என்ற மூன்றும் அந்த வரிசையில் இருக்கும். விலை குறைந்த மிஷின்களில் பதிவதையும் ஒலிப்பதையும் ஒரே ஹெட் செய்யும்.

நாடாவைக் கோப்பதுதான் இந்தப் பழக்கத்தின் முதல் பாடம். இடப்பக்க ஸ்பூலிலிருந்து ஓர் அரை மீட்டர் நாடாவை இழுத்து, இழுவிசைக் கையைச் சுற்றி, ஹெட்டுகளின் முன்னுள்ள பள்ளத்தில் இறக்கி, கேப்ஸ்டனுக்கும் பின்ச் ரோலருக்கும் இடையே கொண்டுசென்று, வலப்பக்கக் காலி ஸ்பூலின் அச்சில் அதன் நுனியை விரலால் அழுத்திக்கொண்டு, இரண்டு மூன்று சுற்று இடஞ்சுழியாகக் கையாலேயே சுற்ற வேண்டும். ஆக்சைடு பூசிய பக்கம் ஹெட்டைப் பார்த்திருக்க வேண்டும் என்பது முக்கியம். பழைய நாடாக்களில் பெரும்பாலும் பளபளப்புக் குறைந்த பழுப்புப் பக்கம்தான் பூச்சு. பின்புறம் கறுப்புப் பூச்சுள்ள நாடாக்களிலோ பழுப்புப் பக்கம் சற்றுப் பளபளப்பாக இருக்கும். முடுக்குவதற்கு முன் ஸ்பூலைக் கையால் மெல்லத் திருப்பித் தளர்வை எடுத்துவிடுங்கள். தளர்ந்த நாடா திடீரென இழுபட்டால் பழைய நாடா அறுந்துவிடும்.

இனி நான்கு பொருத்தங்களில் முதலாவதான வேகத்தைப் பார்ப்போம். வினாடிக்கு 1⅞, 3¾, 7½, 15 அங்குலம் என்று ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இருமடங்காகச் செல்லும். மெட்ரிக் அளவில் இவை சுமார் 4.8, 9.5, 19, 38 சென்டிமீட்டர். கேசட்டின் வேகம் இவற்றில் முதலாவது. வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும். ஜால்ராவின் கிணுகிணுப்பைச் சேர்ந்த 10,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்வோம். 38 செ.மீ வேகத்தில் அதன் ஓர் அலை நாடாவில் 38 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தைப் பிடித்துக்கொள்கிறது, 9.5 செ.மீ வேகத்தில் அதே அலை 9.5 மைக்ரானுக்குள் நெருங்கிவிடுகிறது. ஹெட்டின் நடுவிலுள்ள இடைவெளியே சில மைக்ரான் இருக்கும். ஆகவே அலை சிறுக்கச் சிறுக்க அதைப் பிரித்தறிவது கடினமாகிறது. ஹெட்டில் ஒட்டிய ஒரு சிறு தூசிகூட நாடாவைச் சற்றே விலக்கி, முதலில் அந்த உச்ச ஒலிகளைத்தான் மங்கச் செய்யும். பேச்சுக்கு 3¾ போதும், இசைக்கு 7½ நிறைவைத் தரும், 15 ஸ்டூடியோவின் வேகம். என் அபிப்பிராயத்தில், தொடங்குகிறவர் 7½ அங்குல வேகத்தை மையமாக வைத்துக்கொள்வதே நல்லது. 15க்குத் தாவினால் நாடாவுக்கு ஆகும் செலவு உடனே இரட்டிப்பாகும்.

இரண்டாவது பொருத்தமான தடம்தான் பலரைத் தடுமாறச் செய்கிறது. கால் அங்குல அகலத்தை எத்தனை கீற்றாகப் பிரித்துப் பதிந்திருக்கிறார்கள் என்பதே தடம். முழு அகலத்திலும் ஒரே மோனோ ஒலியைப் பதிவது முழுத்தடம். மேல்பாதியில் ஒரு பக்கமும், ஸ்பூலைத் திருப்பிப் போட்டபின் மறுபாதியில் இன்னொரு பக்கமுமாக மோனோவில் பதிவது அரைத்தட மோனோ. 1950களிலும் 60களிலும் வீட்டு மிஷின்கள் பல இப்படித்தான் பதிந்தன. மேல்பாதியில் இடது ஒலியும் கீழ்ப்பாதியில் வலது ஒலியுமாக ஒரே திசையில் பதிவது அரைத்தட ஸ்டீரியோ. ஸ்டூடியோக்கள் இதையே விரும்பின. கால்தட ஸ்டீரியோவில் மேலிருந்து கீழாக நான்கு கீற்றுகள் இருக்கும்: ஒன்றும் மூன்றும் ஒரு திசையில், இரண்டும் நான்கும் எதிர்த்திசையில். 1960களிலும் 70களிலும் கடைகளில் விற்ற இசை நாடாக்கள் பெரும்பாலும் இந்த வகை.

பொருந்தாத ஹெட்டில் போட்டால் என்ன கேட்கும் என்பதை நேரில் அனுபவித்தவர்களுக்குத் தடம் பற்றிய பாடம் மறக்காது. என் பெரியப்பா சேர்த்துவைத்த கச்சேரி ஸ்பூல் ஒன்றைக் கால்தட ஸ்டீரியோ மிஷினில் முதன்முதலாகப் போட்டபோது, இடப்பக்க ஸ்பீக்கரில் தோடி ஆலாபனை தெளிவாக வந்துகொண்டிருக்க, வலப்பக்கத்தில் ஒரு தனி ஆவர்த்தனம் பின்னோக்கி ஓடியது. மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியும் மெல்லக் கிளம்பிப் பெருகி, "தொம்" என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் சட்டென்று அறுந்தது. நாடா கெட்டுவிட்டது என்று பயந்தேன். நாடாவில் ஒரு குறையும் இல்லை. அது அரைத்தட மோனோ. மிஷினின் வலது ஹெட், நாடாவின் கீழ்ப்பாதியிலிருந்த மறுபக்கத்தைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தது. இடது ஒலியை மட்டும் இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்பியவுடன் கச்சேரி முழுமையாகக் கிடைத்தது. கணினிக்கு மாற்றுகிறவர்கள் இதையே வசதியாக்கிக்கொள்ளலாம்: இரண்டு ஒலிகளையும் ஒரே ஓட்டத்தில் பதிந்து, வலது ஒலியை மென்பொருளில் முன்பின்னாகத் திருப்பினால், ஸ்பூலைத் திருப்பாமலே மறுபக்கமும் கைக்கு வந்துவிடும்.

இதற்கு நேர்மாறான நிலைக்கு இவ்வளவு எளிய வழி இல்லை. இரு பக்கமும் பதிந்த கால்தட நாடாவை அரைத்தட ஹெட்டில் போட்டால், அகலமான அந்த ஹெட் முதல் கீற்றையும் இரண்டாம் கீற்றையும் ஒன்றாகப் படிப்பதால், முன்னோக்கிய பாட்டும் பின்னோக்கிய பாட்டும் ஒரே ஸ்பீக்கரில் கலந்து வரும். அதைப் பிரிக்க முடியாது. ஆனால் அரைத்தட ஸ்டீரியோ நாடாவைக் கால்தட மிஷினில் கேட்கலாம், இரைச்சல் சற்றுக் கூடுமே தவிர வேறு பெரிய குறை இராது. பழைய வீட்டுப் பதிவுகளும் கடை நாடாக்களும் உங்கள் நோக்கம் என்றால் கால்தட மிஷினே உங்களுக்கு ஏற்றது. இன்று வெளிவரும் ஸ்டூடியோ நகல்கள் பெரும்பாலும் 15 அங்குல வேகத்தில் அரைத்தடமாக வருவதால், அவற்றை நாடுவோர் அந்த வேகமுள்ள அரைத்தட மிஷினைத் தேட வேண்டும். மிஷினின் பெயரை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது. சுவிட்சர்லாந்தின் ரெவாக்ஸ் நிறுவனம் 1967இல் வெளியிட்ட ஏ77 அரைத்தடத்திலும் வந்தது, கால்தடத்திலும் வந்தது. 3¾, 7½ வேகங்களோடும் வந்தது, 7½, 15 வேகங்களோடும் வந்தது. பெயர்ப்பலகை ஒன்றுதான், பயன் வேறு வேறு.

ஸ்பூலின் அளவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 5, 7 அங்குல ஸ்பூல்கள் பெரும்பாலான வீட்டு மிஷின்களில் ஏறும்; 10½ அங்குல ஸ்பூல் பெரிய மிஷின்களில் மட்டுமே ஏறும், பெரிய துளையுள்ள உலோக ஸ்பூலாக இருந்தால் அதற்கென்று தனி அடாப்டரும் தேவை. 7 அங்குல ஸ்பூலில் சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள நாடா 1,200 அடியும், 35 மைக்ரான் நாடா 1,800 அடியும் கொள்ளும். 7½ வேகத்தில் இவை முறையே 32 நிமிடமும் 48 நிமிடமும் ஓடும். இன்னும் மெல்லிய நாடாவில் 2,400 அடி கிடைக்கும் என்றாலும் அது எளிதில் நீண்டு சுருங்கிவிடும். தொடங்குகிறவர் அதை வாங்க வேண்டாம். ஈக்வலைசேஷன் என்பது, பதியும்போது உச்ச ஒலிகளை எவ்வளவு ஏற்றி, ஒலிக்கும்போது எவ்வளவு இறக்குவது என்ற உடன்பாடு. அமெரிக்க வழக்கான என்ஏபி, ஐரோப்பிய வழக்கான ஐஇசி என்று முக்கியமாக இரண்டு உண்டு. மாற்றிப் போட்டால் பாட்டு கெடாது, அதன் நிறம் மாறும். ஸ்டூடியோ நகல்கள் பெரும்பாலும் ஐஇசி என்பதால், அவற்றை வாங்குகிறவர்கள் மட்டும் இப்போது இதைக் கவனித்தால் போதும்.

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரும் மிஷினை வாங்குகிறவர்கள் மின்சாரத்தைப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அங்கே மின்னழுத்தம் 120 அல்லது 100 வோல்ட், நம் வீட்டில் 230. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். வோல்ட் தீரும், அதிர்வெண் தீராது. அமெரிக்காவில் மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று, இந்தியாவிலும் இலங்கையிலும் 50. பழைய மிஷின்கள் பலவற்றில் கேப்ஸ்டன் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது இந்தச் சுற்றுதான். ஆகவே 60க்கு அமைத்த மிஷின் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். என் முதல் மிஷின் அப்படிப்பட்டதுதான். ஐந்தரைக் கட்டையில் பாடிய பாடகியின் குரல் நான்கு கட்டைக்கு இறங்கி, கனத்து, சோர்ந்து வந்தது; அவர் உடல்நிலை சரியில்லாத நாளில் பாடிய கச்சேரி போலும் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் சுருதிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மூன்று அரைச்சுரம் இறங்கியிருந்தால் அது அதிர்வெண்ணின் வேலை என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். சில மிஷின்களில் உள்ளே இருக்கும் கப்பியையோ கேப்ஸ்டன் மேல் ஏற்றும் உறையையோ மாற்றி இதைச் சரிசெய்ய முடியும். ரெவாக்ஸ் ஏ77 போல, மோட்டாரின் வேகத்தை மின்னணுச் சுற்று கட்டுப்படுத்தும் மிஷின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பழைய மிஷினை நேரில் பார்த்து வாங்க முடியுமானால் அப்படியே வாங்குங்கள். முதலில் ஹெட்டைப் பாருங்கள். நாடா ஓடும் இடம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். தேய்மானத்தின் விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டினால் அது தடுக்குமளவுக்குப் பள்ளம் இருந்தால், அந்த ஹெட்டின் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது. அகாய் நிறுவனத்தின் ஜிஎக்ஸ் வகை ஹெட்டுகள் கண்ணாடியும் ஃபெரைட்டும் கொண்டவை. அவை மிக மெதுவாகவே தேயும். பின்ச் ரோலர் வழவழப்பாகக் கண்ணாடிபோல் இறுகியிருந்தால் மாற்ற வேண்டும். பெல்ட் தாராக உருகியிருப்பதும் சகஜம், அது எளிதில் தீரக்கூடியது. தேவையற்ற ஒரு நாடாவைப் போட்டு வேகமாகச் சுற்றவிட்டு, நடுவில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு ஸ்பூல்களும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒன்று நின்று மற்றொன்று சுழன்றுகொண்டே இருந்து நாடாவைக் கொட்டினால் பிரேக் சரியில்லை என்று பொருள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளக்கில் செருகிவிடாதீர்கள். பழைய காகித மின்தேக்கிகள் வெடித்துப் புகைவது வழக்கம். மெக்கானிக் ஒருவர் முதலில் உள்ளே பார்க்கட்டும்.

பழைய நாடாக்களைத் தொடுவதற்கு முன் அவை எதனாலானவை என்று அறிய வேண்டும். ஸ்பூலின் பக்கவாட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள்: ஒளி ஊடுருவினால் அசிடேட், இருண்டிருந்தால் பெரும்பாலும் பாலியஸ்டர். அசிடேட் காலப்போக்கில் வறண்டு, புளிக்காடி வாசனை வீசி, மெல்ல இழுத்தாலே அறுந்துவிடும். ஆனால் சுத்தமாக அறுவதால் ஒட்டுவது எளிது. ஒட்டுவதற்கு அதற்கென்றே விற்கும் ஸ்ப்ளைசிங் டேப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், செல்லோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். 1970களின் நடுவிலிருந்து 80களின் இறுதிவரை வந்த சில பின்பூச்சு நாடாக்களுக்கு வேறொரு நோய் உண்டு. அம்பெக்ஸ் 456 இதற்குப் பேர்போனது. ஒட்டுப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓடும்போது கீச்சென்று கத்தி, பழுப்புப் படிவத்தை ஹெட்டில் விட்டுச்செல்லும். அப்படிக் கத்தினால் உடனே நிறுத்துங்கள். சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சீராகச் சூடேற்றினால் அது தற்காலிகமாகக் குணமாகும் என்றாலும், அது அனுபவசாலிகள் செய்ய வேண்டிய வேலை. அசிடேட் நாடாவுக்கு அதைச் செய்யவே கூடாது. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய எதிரி பூஞ்சை. ஸ்பூலின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால், அதை மிஷினில் ஏற்றிப் பிற நாடாக்களுக்கும் பரப்பிவிடாமல் தனியே எடுத்துவையுங்கள்.

புது நாடா இன்றும் தயாராகிறது: பிரான்சில் ஆர்டிஎம் நிறுவனமும் அமெரிக்காவில் ஏடிஆர் நிறுவனமும் செய்கின்றன. ஆர்டிஎம்மின் எல்பிஆர்35 என்னும் 35 மைக்ரான் நாடா வீட்டு மிஷின்களுக்கு ஏற்றது. நாடாவின் வகை மாறினால் பயாஸின் அளவும் மாற வேண்டும் என்பதால், ஒரே வகையைத் தேர்ந்தெடுத்து, மெக்கானிக்கிடம் மிஷினை அதற்கென்று அமைத்துத் தரச் சொல்லி, அதிலேயே நிலைத்திருங்கள். மூன்று ஹெட் மிஷினில் பதியும்போது, உள்ளே போகும் ஒலியையும் நாடாவில் பதிந்து வெளிவரும் ஒலியையும் ஒரு சுவிட்சைத் தட்டி மாறி மாறிக் கேட்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு மிஷின் அமைந்திருந்தால் அதைவிட மகிழ்ச்சி இந்தப் பழக்கத்தில் எனக்கு வேறில்லை.

சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டுகளையும் கேப்ஸ்டனையும் நாடா தொடும் எல்லா இடங்களையும், குச்சியில் பழுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு அதற்கென்று விற்கும் திரவம் பாதுகாப்பானது. ஹெட்டில் தங்கும் காந்தத்தை நீக்கும் டிமேக்னடைசரைப் பயன்படுத்தும்போது மிஷினை அணைத்துவிட்டு, நாடாக்களை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். கருவியைத் தொலைவில் வைத்தே முடுக்கி, மெல்ல அருகில் கொண்டுவந்து, மெல்லவே விலக்கி, ஒரு மீட்டர் தள்ளிய பிறகுதான் அணைக்க வேண்டும். ஹெட்டின் அருகிலேயே அணைத்தால் இருந்ததைவிட அதிகக் காந்தம் ஏறிவிடும்.

கேட்டு முடித்த நாடாவைப் பின்னோக்கிச் சுற்றாமல் அப்படியே வலப்பக்க ஸ்பூலில் விட்டுவைப்பது நல்லது. இறுகச் சுற்றிய நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் லேசாகப் படியும். முன்னோக்கிச் சுற்றிய நிலையில் வைத்தால் அந்த நிழல் பாட்டுக்குப் பின்னால் எதிரொலியாக வந்து மறைந்துகொள்ளும், பின்னோக்கிச் சுற்றி வைத்தால் பாட்டுக்கு முன்னாலேயே ஒலித்து உறுத்தும். இரு பக்கமும் பதிந்த நாடாவில் ஏதாவது ஒரு பக்கத்துக்கு மட்டுமே இந்த வசதி கிடைக்கும். ஸ்பூலைப் பெட்டியில் புத்தகம்போல் நிற்கவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பெட்டியின் முதுகில் வேகம், தடம், ஈக்வலைசேஷன், நாடாவின் வகை, பதிந்த தேதி, எந்த முனை வெளியே இருக்கிறது என்பவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். என் பெரியப்பா தம் ஸ்பூல்கள் அத்தனையிலும் ராகமும் தாளமும் பக்கவாத்தியமும் எழுதியிருந்தார். வேகத்தையும் தடத்தையும் எழுதவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து நான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.